கிபோமின் பழைய நம்பர்

பட்டாளத்தில் காலம் முடிந்ததும் கிபோம் நேராக என் அறைக்குத்தான் வந்தான். ஜியோன்ஜுவில், எங்கள் கல்லூரியின் பின்வாசலுக்கு எதிர்ச் சந்தில் இருந்தது அந்த அறை. குளியலறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கிபோம் என்னைவிட ஒரு வயது சின்னவன். எங்கள் நாட்டில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும்; நான் அவனுக்கு முன்பே போய் என் முறையை முடித்துவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணே, காலேஜ் திறக்கிற வரைக்கும் ஒரு மூலை குடு, போதும்" என்றான்.

ஊருக்குப் போகவில்லையா என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் அப்பா சாங்கு, கியோக்போ துறைமுகத்தில் மீன் பிடிக்கிறவர். சின்னப் படகு, பழைய இன்ஜின். அந்த இரைச்சலிலேயே இருந்து இருந்து காது போய்விட்டது. இடது காது சுத்தமாக இல்லை, வலது காதில் கத்தினால் பாதி விழும். அதனால் போனில் பேச மாட்டார், மெசேஜ்தான். அம்மா இவன் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். கல்லூரியில் முதல் வருட விடுமுறையில், நண்டுக்காலம் வருகிறது, படகுக்கு வா என்று அப்பா கூப்பிட்டார். மாட்டேன் என்றான் இவன். வார்த்தை தடித்து, இவன் சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனான். போகும்போது போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான். "வேணும்னா தேடிக் கண்டுபிடிக்கட்டும்" என்று அப்போது என்னிடம் சொன்னான். அவர் தேடவில்லை. பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க அப்பாவிடமிருந்து அவனுக்கு ஒரு வரி வரவில்லை. வெளியே சொல்ல மாட்டானே தவிர, அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி கடைசியில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. எங்கள் ஊரில் அது ஒரு போர். காலையில் இணையத்தில் கதவு திறக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் நல்ல பாடங்கள் நிரம்பிவிடும். அதற்கு முந்தின நாள் மதியம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க கிபோம் என் மடிக்கணினியில் கல்லூரிக் கணக்கைத் திறந்தான். பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தது. ஆனால் உள்ளே விடவில்லை. இவன் பட்டாளத்தில் இருந்தபோது கல்லூரி புதிதாக இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஒன்றைக் கட்டாயமாக்கியிருந்தது. பாஸ்வேர்டு போட்டால் போதாது, போனுக்கு வரும் ஓடிபியையும் போட வேண்டும்.

"வரலியே" என்றான் போனைப் பார்த்துக்கொண்டு.

"எந்த நம்பருக்கு அனுப்பியிருக்கான்னு பாரு."

திரையில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. கிபோம் அதையே வெறித்துப் பார்த்தான். "அண்ணே, இது என் பழைய நம்பர்."

"அதனால என்ன, மாத்திடு."

"மாத்தணும்னா லாகின் பண்ணணுமாம்."

கல்லூரியின் கணினி மையத்துக்கு ஓடினோம். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண், மேசையில் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே, மிகப் பொறுமையாகக் கேட்டாள்.

"அடையாள அட்டை இருக்குல்ல தம்பி? அப்போ நேர்லயே மாத்திடலாம்." தட்டினாள். மறுபடி தட்டினாள். "ஆனா நீங்க இன்னும் விடுப்புல இருக்கறதா காட்டுதே. விடுப்புல இருக்கறவங்க நம்பரை எங்களால தொட முடியாது."

"நான் வந்துட்டேங்க. உங்க முன்னாடி நிக்கிறேன்."

"நிக்கிறீங்க. ஆனா படிப்புக்குத் திரும்பறதா விண்ணப்பம் போடலையே."

"எங்க போடறது?"

"உங்க கணக்குல லாகின் பண்ணி."

கிபோம் என்னைப் பார்த்தான். நான் ஆரஞ்சைப் பார்த்தேன்.

"லாகின் பண்ண முடியாததாலதானேங்க இங்க வந்தோம்?" என்றேன்.

"புரியுது" என்றாள் அவள், நிஜமாகவே வருத்தத்தோடு. "துறைத்தலைவர் சொன்னா விலக்கு உண்டு. அவர் அடுத்த வாரம்தான் வர்றார். நீங்க எப்படியாவது உள்ள போய் விண்ணப்பத்தை மட்டும் போட்டுடுங்க, உடனே ஒப்புதல் குடுத்துடறேன். வராத விண்ணப்பத்துக்கு நான் எப்படித் தம்பி ஒப்புதல் குடுக்கறது?"

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். காற்று காதை அறுத்தது. "உன் பழைய நம்பர் இப்போ யார்கிட்டயோ இருக்கும்ல? போன் பண்ணி அந்த ஓடிபியைச் சொல்லச் சொல்லு" என்றேன். சொன்னபோது சுலபமாகத்தான் தெரிந்தது.

கிபோம் தன் பழைய நம்பருக்குத் தானே போன் போட்டான். ஒரு பெண் குரல் எடுத்தது, பின்னால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வணக்கம்மா. உங்க போனுக்கு இப்போ ஒரு ஓடிபி வந்திருக்கும். அதைக் கொஞ்சம்..."

"ஏண்டா, பட்டப்பகல்லயேவா?" என்றது குரல். "உழைச்சுத் தின்னுங்கடா!" துண்டித்துவிட்டாள்.

மறுபடி போட்டான். எடுக்கவில்லை. என் போனிலிருந்து போட்டோம்.

"ஓ, கும்பலா? எத்தனை பேருடா இருக்கீங்க?"

"அம்மா, வைக்காதீங்க!" கிபோம் போனைப் பிடுங்கிக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னான். "அது என்னோட பழைய நம்பரும்மா, காலேஜ்ல இருந்து எனக்கு வர்ற ஓடிபி உங்களுக்கு வருது. என் பேரு கிபோம், பியோன் கிபோம்."

அந்தப் பக்கம் வண்டி நின்ற சத்தம் கேட்டது.

"யாருன்னு சொன்னே?"

"கிபோம்."

"உங்க அப்பா பேரு?"

"சாங்கு. ஏம்மா?"

"உங்க அப்பாவுக்கு எந்த முழங்கால்ல வலி?"

கிபோம் விழித்தான். "முழங்கால்லயா? அவருக்கு முழங்கால்ல ஒண்ணுமில்லையே. காதுதான்..."

"சொந்த அப்பாவோட முழங்கால் தெரியாது, மகனாம்! போனை வைடா திருட்டுப்பயலே!"

கிபோம் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "அண்ணே, என் அப்பா பேரைக் கேட்டாங்க, சரி. முழங்காலை எதுக்குக் கேட்டாங்க?"

எனக்கும் தலை கால் புரியவில்லை. திருடனைப் பிடிக்க யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் அடையாள அட்டையைப் படமெடுத்து, "நேரில் வருகிறேன், எங்கே வரட்டும்" என்று எழுதி அந்த நம்பருக்கு அனுப்பினான். வெகுநேரம் கழித்து ஒரு பதில் வந்தது. இக்சானில் ஒரு கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியின் முகவரி. கீழே, "போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு" என்று ஒரு வரி.

இக்சான் பக்கம்தான், பேருந்தில் ஏறினோம். பயிற்சி மைதானத்தில் மஞ்சள் கார்கள் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. மேட்டில் ஏற முடியாமல் ஒரு கார் பின்னால் நழுவியது. அதற்குள்ளிருந்து, "பிரேக்! பிரேக்குன்னா எதுன்னு நினைச்சே, அலங்காரமா?" என்ற குரல் கேட்டதும் கிபோம் என் கையைப் பிடித்தான். அதே குரல்.

அவள் பெயர் மா ஹேசுக். ஐம்பதைத் தாண்டியவள், குள்ளம், தலையில் பள்ளியின் தொப்பி. எங்களைக் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். கிபோமின் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"போட்டோல முடி இருக்கு."

"பட்டாளத்துல வெட்டிட்டாங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. சரி, உங்க வீட்டு நாய் பேரு என்ன?"

"எங்க வீட்ல நாயே கிடையாதே!"

ஹேசுக் என்னைப் பார்த்து, "இவன் தேறமாட்டான்" என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள்.

கிபோம் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, ஒருவேளை வேற யாரோ ஒரு கிபோமோ? சாங்குன்னே அவனுக்கும் ஒரு அப்பா இருந்து..." என்று என்னிடமே கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல? இவன்தான் கிபோம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் என்னை யார் என்று கேட்டால் நான் எந்த முழங்காலைக் காட்டுவது?

"உங்களுக்கு எப்படிம்மா எங்க அப்பாவைத் தெரியும்?" என்று கேட்டான் கிபோம்.

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நீ நிஜமாவே அவர் மகன்னா, நான் கேக்காத ஒண்ணைச் சொல்லு. நான் சரி பாத்துக்கறேன்" என்றாள்.

அவன் யோசித்தான். "படகோட பேரு சுன்போக். எங்க அம்மா பேரு அது. நான் ஸ்கூல் படிக்கும்போது அதை நான்தான் வெள்ளைப் பெயிண்டுல எழுதினேன். ஒரு எழுத்துல ஒரு கோடு விட்டுப்போச்சு. துறைமுகத்துல எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா திருத்த விடல."

ஹேசுக் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடினாள். படகின் முன்பக்கம், அதன்மேல் காதைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பழுப்பு நாய். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். நாய்க்குக் கீழே வெள்ளை எழுத்து. ஒரு கோடு இல்லை.

"அப்போ நீதானா அது?" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு அது ஏனென்று அப்போது விளங்கவில்லை.

கிபோமுக்கு நாயைப் பற்றிக் கேட்க ஆயிரம் இருந்தது, ஆனால் அவள் "முதல்ல வந்த வேலையை முடி" என்றுவிட்டாள். அவன் போனிலேயே லாகின் செய்தான். அவள் போன் சிணுங்கியது.

"வந்துருச்சு. ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கே?"

"யார்கிட்டயும்னா என்கிட்ட இல்லம்மா. நான்தான் அந்த ஆளு."

"எனக்கு வந்த மெசேஜ்ல, யார்கிட்டயும் சொல்லாதேன்னா, உன்கிட்ட சொல்லாதேன்னுதானே அர்த்தம்?"

இந்த விவாதம் முடிவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. இன்னொன்று கேட்டான். அவள் வாசித்தாள், தவறு என்றது. மூன்றா எட்டா என்று அவளுக்குச் சந்தேகம், கண்ணாடி காரில் இருந்தது. அடுத்த முறை சரியான எண்ணைச் சொன்னாள், ஆனால் முந்தைய மெசேஜிலிருந்து. கணக்கைக் கொஞ்ச நேரம் பூட்டிவிட்டார்கள். மூன்று பேரும் இயந்திரக் காப்பியைக் குடித்துக்கொண்டு, அது மனமிரங்கும் வரை காத்திருந்தோம். அவள் கண்ணாடியை எடுத்து வந்தாள். கடைசியில் கதவு திறந்தது. கிபோம் அடித்துப் பிடித்து நம்பரை மாற்றி, இனி ஓடிபி தன் போனிலேயே உருவாகும்படி ஒரு செயலியை இறக்கி, அதற்கு வந்த கட்டம் கட்டமான கியூஆர் படத்தை என் போனுக்கு அனுப்பி, அதை அவன் போனால் படம் பிடித்து, திரும்பிவரும் விண்ணப்பத்தையும் போட்டான். ஆரஞ்சு உரித்த பெண் சொன்ன சொல் தவறவில்லை. உடனே ஒப்புதல் வந்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்று எழுந்து இடுப்பை வளைத்து வணங்கினான்.

"உக்காரு" என்றாள் ஹேசுக். "இதையும் பாத்துட்டுப் போ." தன் போனை அவனிடம் நீட்டினாள்.

அவள் அந்த நம்பரை வாங்கிய புதிதில் அவளுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. "இன்னிக்குப் பிறந்தநாள். கடற்பாசிச் சூப் கிடைச்சுதா?" பிறந்தநாளில் அந்தச் சூப் குடிப்பது எங்கள் வழக்கம். தவறான நம்பர் என்று அவள் பதில் போட்டாள். உடனே வந்தது: "கோபம் இன்னும் தீரலியா. சரி, தப்பான நம்பர்னே வச்சுக்கோ. சூப்பைக் குடி." இல்லை ஐயா, நான் வேறு ஆள் என்று மறுபடி எழுதினாள். "நான் பண்ணினதுக்கு நீ வேற ஆளாகத்தான் போவே. தப்பு என்மேலதான். சாப்டியா?" என்று கேட்டார் அவர். அவள் போனைப் போட்டுப் பேசிப் பார்த்தாள். எடுத்தார், "கேக்கல, கேக்கல" என்று கத்தினார், வைத்துவிட்டார்.

"அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் ஹேசுக். "சாப்பிட்டேன்னு போட்டேன். அந்த மனுஷன் அன்னிக்கு நிம்மதியாத் தூங்கட்டும்னு."

அதிலிருந்து தொடங்கியது. இன்று எவ்வளவு நண்டு, காற்று எப்படி, நாய் ஒன்று படகில் வந்து ஏறிக்கொண்டது, பெயர் கோச்சு என்று வைத்தேன், முழங்கால் வலிக்கிறது. இவள் டாக்டரிடம் போகச் சொன்னாள். அவர் போகமாட்டேன் என்றார். இவள் திட்டினாள். போனார். கிபோம் நகர்த்தி நகர்த்திப் படித்தான். எனக்கு அவன் தோளுக்கு மேலாகத் தெரிந்தது. "லீவு குடுத்தா வருவியா?" என்று ஓர் இடத்தில் அப்பா கேட்டிருந்தார். "லீவு கம்மிதான், அடுத்த தடவை வர்றேன்" என்று கிபோம், அதாவது ஹேசுக், எழுதியிருந்தாள்.

"நான் லீவுல உன் ரூம்லதானே இருந்தேன், அண்ணே" என்றான் மெதுவாக. பிறகு அவளிடம், "நீங்க யாரு, நானா இருந்து எங்க அப்பாகிட்ட பேச?" என்று கத்தினான்.

"நீ நீயா இருந்து பேசியிருந்தா நான் எதுக்குப் பேசப்போறேன்?" என்று அவளும் கத்தினாள். மைதானத்தில் ஒரு கார் சடக்கென்று நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "தப்புதான். நிறுத்தணும் நிறுத்தணும்னு நினைப்பேன். எனக்கு ஓடிபியும் பீட்சாக் கடையும் தவிர யார் மெசேஜ் போடறா? இவர் ஒருத்தர்தான் சாப்டியான்னு கேப்பார்."

கிபோம் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தான். பேருந்தில் திரும்பும்போது ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்குக் கோபம் யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை என நினைக்கிறேன். அப்பா தேடவே இல்லை என்று நினைத்து அத்தனை நாள் நெஞ்சை இறுக்கி வைத்திருந்தான். அவரோ தினமும் தேடியிருக்கிறார், பதிலும் கிடைத்திருக்கிறது. ஊர் வந்து இறங்குவதற்குள் தன் புது நம்பரிலிருந்து அப்பாவுக்கு எழுதினான்: "அப்பா, நான் கிபோம். நம்பர் மாத்திட்டேன். இனிமே இதுல பேசுங்க."

பதில் இல்லை. இரவு முழுக்கப் புரண்டான்.

மறுநாள் காலை நாங்கள் கணினி விளையாட்டுக்குப் பிள்ளைகள் குவியும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பாடம் தேர்ந்தெடுக்கிற நாளில் எல்லோரும் அங்கேதான், அங்குள்ள கணினிகளுக்குத்தான் வேகம் அதிகம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, நடுவில் ஒரு கிண்ணம் ராமியோன் நூடுல்ஸ். கதவு திறக்கக் கொஞ்சமே இருந்தபோது கிபோமின் போன் அடித்தது. ஹேசுக்.

"தம்பி, உங்க அப்பாகிட்ட ஏதாவது அனுப்பினியா?"

"ஆமா, என் நம்பரை அனுப்பினேன்."

"அட பாவி. அதை எனக்கு அனுப்பியிருக்கார். 'எவனோ உன் பேரைச் சொல்லி நம்பர் மாத்திட்டேன்னு ஏமாத்தறான். நீதான் சொன்னியே, பிள்ளைங்க மாதிரி பேசிக் காசு பிடுங்குவாங்க, நம்பாதேன்னு. நான் ஏமாறல. போலீஸ்ல சொல்லட்டுமா?'ன்னு கேக்கறார்."

"நீங்க அவருக்கு இதெல்லாம் வேற சொல்லிக் குடுத்தீங்களா?"

"நல்லதுக்குத்தானேப்பா சொன்னேன்! இப்போ என்ன பதில் போட? அதுதான் நிஜம்னு போட்டா, நான் யாருன்னு கேப்பாரே? அது பொய்னு போட்டா..."

"ஒண்ணும் போடாதீங்க!"

"போடலைன்னா போலீசுக்குப் போயிடுவாரே!"

அறை முழுக்க ஒரே நேரத்தில் மவுஸ்கள் படபடவென்று சொடுக்கும் சத்தம். கதவு திறந்துவிட்டது. நான் என் பாடங்களைப் பிடித்துக்கொண்டே அவனை முழங்கையால் இடித்தேன். அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொடுக்கினான். கட்டாயப் பாடம் அதற்குள் நிரம்பியிருந்தது. தமக்கென்று எதுவும் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்களுக்கு மிஞ்சும் பாடங்கள் சில அவனுக்குக் கிடைத்தன. அவற்றில் ஒன்று பழங்காலப் பானைகள் பற்றியது.

"இதை மெசேஜ்ல தீர்க்க முடியாது" என்றேன். "நேர்ல போ."

"நானும் வர்றேன்" என்றது போன். "என் தப்பை நான்தான் சொல்லணும். காலேஜ் வாசல்ல நில்லுங்க, கார் எடுத்துட்டு வர்றேன்."

என்னையும் கிபோம் விடவில்லை. கியோக்போ போகும் வழி முழுக்க ஹேசுக் எதிரில் வந்தவர்களின் ஓட்டும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். அது பயத்தில் பேசும் பேச்சு என்று எனக்குப் புரிந்தது. கடல் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

சாங்கு துறைமுகத்துச் சுவரோரம் ஒரு தலைகீழ் வாளியில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். காதுவரை இறக்கிய கம்பளித் தொப்பி. எங்களைப் பார்த்து நாய்தான் முதலில் எழுந்தது. கிபோமைப் பார்த்துக் குரைத்தது. அவர் நிமிர்ந்தார். மகனைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வலை நழுவியது.

"வந்துட்டியா? இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு போட்டிருந்தியே?"

"அப்பா, அது நான் இல்ல!" என்று அவன் வலது காதில் கத்தினான்.

"ஆமா, தெரியும். எவனோ திருட்டுப்பய. நான் ஏமாறலியே!" என்றார் பெருமையாக.

"இல்லப்பா, அவன்தான் நான்! நான்தான் அந்தத் திருட்டுப்பய!"

"என்னது?"

"மெசேஜ் போட்டது நான்! பதில் போட்டது நான் இல்ல!"

சாங்கு என்னைப் பார்த்தார். ஏதோ நான்தான் விளக்கப்போகிறேன் என்பதுபோல. பிறகு ஹேசுக்கைப் பார்த்து, "இவங்க யாரு? உங்க டீச்சரா?" என்று கேட்டார். கிபோம் கத்தக் கத்த அவருக்குக் குழப்பம் கூடிக்கொண்டே போனது. பக்கத்துப் படகுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஹேசுக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். தன் போனை எடுத்து ஏதோ எழுதி அனுப்பினாள். சாங்குவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். "பாரு, கிபோம்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். எதிரே கிபோம் வெறும் கையோடு நின்றான். அவர் மெதுவாகத் திரும்பினார். ஹேசுக் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள்.

அவள் எழுதியிருந்தது, "மன்னிச்சுடுங்க. நான் மகன் இல்ல. உங்க மகன் உங்க முன்னாடி நிக்கிறான்."

நெடுநேரம் அவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னது?"

ஹேசுக் கையைத் தூக்கினாள்.

"சூப் குடிச்சேன்னு சொன்னது?"

மறுபடி கை.

"லீவு கம்மின்னு?"

கை பாதியில் நின்றது. அவர் முகம் சிவந்தது. எழுந்து, நொண்டாமல், விறுவிறுவென்று படகில் ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாய் கதவுக்கு வெளியே உட்கார்ந்தது.

"நான் கிளம்பறேன்" என்றாள் ஹேசுக். காரில் ஏறவும் செய்தாள், ஆனால் வண்டியை எடுக்கவில்லை. கிபோம் சற்று நேரம் கழித்துப் படகில் ஏறி, கதவைத் தட்டினான். கேட்காது என்று ஞாபகம் வந்து போனை எடுத்தான். என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. கதவு திறக்கவில்லை. மறுபடி எழுதினான். வெகுநேரம் எழுதிக்கொண்டே இருந்தான். அவன் விரல் குளிரில் சிவந்துபோயிருந்தது. உள்ளேயிருந்து பதில் வரத் தொடங்கியது போலும், ஏனென்றால் ஒரு கட்டத்தில் கிபோம் சிரித்தான், பிறகு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். ஒரு கதவுக்கு இருபுறமும் இருந்துகொண்டு அப்பாவும் மகனும் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தபோது சாங்குவின் கையில் ஒரு தட்டைமீன் இருந்தது. "அந்த அம்மாவை இறங்கச் சொல்லு" என்றார். "சாப்பிட்டுட்டுத் திட்டறேன்."

படகுக்குள்ளேயே காஸ் அடுப்பில் காரக் குழம்பு வைத்தார். நாலு பேரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் திட்டவில்லை. குழப்பம்தான் தீரவில்லை. "உனக்கு நண்டு ஒத்துக்கலைன்னு சொன்னியே?" என்று கிபோமிடம் கேட்டார். "அது எனக்கு" என்றாள் ஹேசுக் பழக்க தோஷத்தில். "இங்க்லீஷ் பரீட்சை நல்லா எழுதினேன்னு..." "அது சும்மா சொன்னேன்" என்றாள். கிபோம் கோச்சுவைத் தொடப் பார்த்தான், அது உறுமிவிட்டு ஹேசுக்கின் காலடிக்குப் போனது.

"இத்தனையும் எழுதினது வேற ஆளுன்னா, உன்னைப்பத்தி எனக்கு இப்போ என்ன தெரியும்?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார் சாங்கு.

"தெரியலப்பா" என்றான் கிபோம். "பழங்காலப் பானை படிக்கப் போறேன். அது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"என்ன பானை?"

அவன் வலது காதருகே நகர்ந்து மறுபடி சொன்னான்.

கிபோம் அங்கேயே தங்கிவிட்டான். ஹேசுக்கும் நானும்தான் திரும்பினோம். இருட்டுவதற்குள் இக்சான் போய்விட வேண்டும் என்று வேகமாக ஓட்டினாள். யாரையும் திட்டவில்லை. வெகுதூரம் வந்தபிறகு, "நாளைக்கு அவர்கிட்டேருந்து மெசேஜ் வந்தா நான் என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"வருமா?"

"தெரியல. வந்தா, யாரா இருந்து பதில் போடறது? ஹேசுக்னா அந்த ஆளுக்கு யாருன்னே தெரியாதே."

சாப்பிட்டேன் என்று மட்டும் போடுங்கள், அதை யார் வேண்டுமானாலும் போடலாமே என்றேன். அவள் முன்னால் போன லாரிக்கு விளக்கடித்துத் தாண்டினாள்.